குறும்பார்வைக்கு லேசரா, உள்லென்ஸா, கண்ணாடியா? இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய விழிவெண்படலத்தை வைத்து ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு தாயார் தம் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலுள்ள என் கடைக்கு வந்தார். மகளுக்கு வயது 22; இரண்டு கண்களிலும் 5.5 டயொப்டர் (கண்ணாடி வலுவின் அலகு) அளவில் குறும்பார்வை, அதாவது தூரத்திலுள்ளவை மங்கலாகத் தெரியும் குறை. "அண்ணை, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுறம். அதுக்கு முதல் லேசர் செய்து கண்ணாடியைக் கழட்டிவிடலாம் எண்டு யோசிக்கிறம். கொழும்பிலை செய்யிறதோ, இந்தியாவுக்குப் போறதோ?" என்று அவர் கேட்டார். எந்த ஊரில் செய்வது என்பதில் அந்த வீட்டார் ஏற்கெனவே பல நாட்கள் செலவிட்டிருந்தார்கள். எந்த முறையைச் செய்வது, அதைச் செய்த கண் 50 வயதில் எந்த நிலையில் இருக்கும் என்ற கேள்விகள் அவர்கள் வீட்டில் எழவேயில்லை. இதே கேள்வியோடு வருவோர் இப்போது பெருகிவிட்டதால், அன்று அவர்களுக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வைத்தியர் அல்லன். 25 ஆண்டுகளாகப் பார்வை அளந்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவன். கண்ணாடி விற்பவன் லேசரைப் பற்றி எழுதினால் அதில் சாய்வு இருக்குமே என்று வாசகர் ஐயுறுவது நியாயமானது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுதியான கண்ணில், தகுதியான கையால் லேசர் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மனநிறைவோடு வாழ்கிறார்கள். எனக்குள்ள கவலை, தகுதியை ஆராயாமல் போகிறவர்களைப் பற்றியும், செய்துகொண்டபின் அதை மறந்துவிடுகிறவர்களைப் பற்றியுமே.

விழிவெண்படலத்தில் நடப்பது என்ன

விழிவெண்படலம் கண்ணின் முன்னே கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் தெளிந்த படலம். அதன் நடுத் தடிப்பு சராசரியாக 540 மைக்கிரோன், அதாவது அரை மில்லிமீற்றரைவிடச் சற்றே கூட. மேலே ஏறத்தாழ 50 மைக்கிரோன் தடிப்புள்ள மேற்தோல் இருக்கிறது. இது உரிந்தாலும் சில நாட்களில் மீண்டும் வளரும். அதன் கீழுள்ள உடற்பகுதிதான் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு. அதில் வெட்டி எடுத்த இழையம் மீண்டும் வளர்வதில்லை. இந்த உடற்பகுதியின் மேற்பாதியில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கும் பலம் கீழ்ப்பாதியைவிட அங்கேதான் அதிகம்.

குறும்பார்வையில் கண்கோளம் நீண்டிருப்பதால் ஒளி விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறது. லேசர் விழிவெண்படலத்தின் நடுவைச் செதுக்கித் தட்டையாக்கி அந்தக் குவியத்தைப் பின்னே தள்ளுகிறது. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதா லேசர், சுற்றியுள்ள இழையத்தைச் சுடாமல் உயிரிழையத்தைச் செதுக்கவல்லது என்பதை 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் தம் குழுவினருடன் கண்டறிந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். இந்தத் துறையின் வேரில் நம் மொழிச் சூழலில் வளர்ந்த ஒருவர் நிற்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறையும்.

லேசர் கண்கோளத்தின் நீளத்தை மாற்றுவதில்லை. 8 டயொப்டர் கண்ணாடியைக் கழற்றியவருடைய விழித்திரை, உள்ளே இன்னும் 8 டயொப்டர்க்காரரின் இழுபட்ட விழித்திரைதான். அது கிழியவும் கழலவும் உள்ள வாய்ப்பு அப்படியே இருக்கிறது. கண்ணாடி போனதோடு கண் வைத்தியரிடம் போவதையும் நிறுத்துகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எவற்றைக் கொண்டு அளப்பது

அடுத்த வாரம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்ற அளவுகோலில் எல்லா முறைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். வேறுபாடு காலம் போகப் போகத்தான் தெரியும். ஆகவே நான் பார்க்கச் சொல்வது வேறு. முதலாவது, சிகிச்சைக்குப் பின் தொடப்படாத அடிப்படுகை, அதாவது செதுக்கிய இடத்துக்குக் கீழுள்ள உடற்பகுதி, எவ்வளவு எஞ்சும் என்பது. இதுவே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அடுத்தது, படலத்தின் நரம்பிழைகளும் கண்ணீரும் எவ்வளவு பாதிக்கப்படும் என்பது. பிறகு, பின்னாளில் கண்ணழுத்தம் அளக்கும்போதும் கண்புரை எடுக்கும்போதும் அந்தக் கண் எப்படி அளவிடப்படும் என்பது. இவற்றோடு செய்யும் தொழில், அடிபடும் வாய்ப்பு, திரும்பத் திரும்ப வைத்தியரிடம் போய்வரும் செலவு ஆகியவையும் சேரும்.

முதல் அளவுகோலை எவரும் கடதாசியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளி செல்லும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து வர்க்கித்து மூன்றால் வகுத்தால், ஒரு டயொப்டருக்கு எத்தனை மைக்கிரோன் செதுக்க வேண்டும் என்பது கிடைக்கும். 6.5 மில்லிமீற்றர் வட்டத்துக்கு இது ஏறத்தாழ 14 மைக்கிரோன். இன்றைய கருவிகள் விளிம்பை மென்மையாக்குவதற்காக இதைவிடச் சற்றுக் கூடவும் எடுக்கும். இரண்டு கண்களை உதாரணமாக வைக்கிறேன். லேசிக் என்பது படலத்தில் ஒரு மடலைத் திறந்து அடியைச் செதுக்குவது; பிஆர்கே மேற்தோலை அகற்றிச் செதுக்குவது; ஸ்மைல் மேல்மூடியாக ஒரு பகுதியை விட்டு உள்ளிருந்து ஒரு தகட்டை எடுப்பது; உள்லென்ஸ் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது. ஒவ்வொன்றையும் பின்னே விரிவாகச் சொல்கிறேன். எஞ்சும் அளவுகள் மைக்கிரோனில் உள்ளன. ஸ்மைலில் தகட்டின் அடித்தடிப்புக்காக இன்னும் ஏறத்தாழ 15 கழித்திருக்கிறேன்.

| முறை | 540 தடிப்பு, 5 டயொப்டர் | 490 தடிப்பு, 8 டயொப்டர் |
|---|---|---|
| லேசிக் (110 மடல்) | அடியில் 360 | அடியில் 268 |
| பிஆர்கே | மேற்தோல் நீங்கலாக 420 | மேற்தோல் நீங்கலாக 328 |
| ஸ்மைல் (120 மேல்மூடி) | அடியில் ஏறத்தாழ 335 | அடியில் ஏறத்தாழ 243 |
| உள்லென்ஸ் | மாற்றமில்லை | மாற்றமில்லை |

அடியில் குறைந்தது 250 எஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பல வைத்தியர்கள் 300 கேட்கிறார்கள். லேசிக்கில் மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தை எட்டினால், படலத்தின் வளைவைக் காட்டும் வரைபடம் ஒழுங்காகத் தெரிந்த கண்ணிலும், பிற்காலத்தில் படலம் முன்னே பிதுங்கும் ஆபத்து உயர்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அட்டவணையின் முதற்கண்ணில் அது 33 சதவீதம், இரண்டாவதில் 45. பழைய விதிப்படி அந்த இரண்டாவது கண்ணும் லேசிக்குக்குத் தகுதி பெற்றிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

லேசிக்

நுங்கின் கண்ணை மூடியிருக்கும் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கச் சீவித் திறப்பதுபோல, விழிவெண்படலத்தில் ஒரு மெல்லிய மடலைத் திறந்து, அடியைச் செதுக்கி, மடலை மீண்டும் மூடிவிடுகிறார்கள். வலி மிகக் குறைவு. மறுநாளே பார்வை தெளிகிறது. விடுமுறை எடுக்க முடியாதவர்களுக்கு இதைவிட வசதியான முறை இல்லை.

நெடுங்கால விலை அந்த மடலில் இருக்கிறது. மடலின் விளிம்பு தழும்பாகி ஓரளவு ஒட்டிக்கொள்ளும்; நடுப்பகுதி இயல்பான பலத்தோடு மீண்டும் ஒட்டுவதேயில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் வைத்தியர் விரும்பினால் அதைத் தூக்க முடிகிறது. அதேபோல் பலத்த அடியும் அதைத் தூக்கிவிட முடியும். சத்திரசிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின் அடிபட்டு மடல் விலகிய நிகழ்வுகள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பனை ஓலை வெட்டுகிறவர், கருக்குமட்டையோடு வேலி அடைக்கிறவர், கடலில் வலை இழுக்கிறவர், கடின பந்தில் துடுப்பெடுத்தாடும் மாணவர் ஆகியோருக்கு நான் லேசிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மடல் வெட்டும்போது மேற்பரப்பின் கீழ் ஓடும் நரம்பிழைகளும் அறுபடுகின்றன. கண் வரண்டிருக்கிறது, கண்ணீரைச் சுர என்று சொல்லும் செய்தி அந்த இழைகளின் வழியேதான் போகிறது. பெரும்பாலோருக்கு வரட்சி ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் தணியும். ஆனால் நரம்பிழைகளின் அடர்த்தி பழைய நிலைக்கு வர ஆண்டுகள் பல எடுக்கும். சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில், முன்னரே கண் வரண்டிருந்து லேசிக் செய்தவர்கள் செயற்கைக் கண்ணீர்த் துளிகளோடு என் கடைக்கு வருவதைப் பார்க்கிறேன். அந்தத் துளிகளுக்கான மாதாந்தச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

செதுக்கிய பள்ளத்தை நிரப்ப முயல்வதுபோல் மேற்தோல் நடுவில் சில மைக்கிரோன் தடித்துக்கொள்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் அரை டயொப்டரோ ஒரு டயொப்டரோ திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம். இதை நோயென்று கொள்ள வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது பிதுக்கம். பலம் குறைந்த படலம் உள்ளழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் மெல்ல முன்னே தள்ளப்பட்டுக் கூம்பாகிறது. 1998இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நிலை, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, ஆயிரம் கண்களில் ஒன்றுக்கும் குறைவாகவும் ஆறு வரையிலும் பதிவாகியிருக்கிறது. சில மாதங்களில் தோன்றலாம். பத்தாண்டு கழித்தும் தோன்றலாம். முன்னரே கூம்புவிழி நோயின் சாயல் இருந்து அதைக் கவனிக்காமல் செய்வதே இதற்கான பெருங்காரணம். தெற்காசிய வழியினரிடம் கூம்புவிழி கூடுதலாகக் காணப்படுவதை இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வாமையால் கண் கடித்து ஓயாமல் கசக்குகிறவர்களிடமும் அது அதிகம். ஆகவே நம்மவர்கள் வரைபடப் பரிசோதனையை ஒரு சடங்காகக் கருதக்கூடாது. பிதுக்கம் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், ரைபோபிளேவின் துளியிட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சி நார்களை இறுக்கும் சிகிச்சையால் அதை நிறுத்தலாம். இழந்த வடிவத்தை முழுமையாக மீட்க முடியாது.

பிஆர்கே

மடல் எதுவுமின்றி, மேற்தோலை அகற்றி மேற்பரப்பிலேயே செதுக்கும் முறை இது. அமெரிக்காவில் குறும்பார்வைக்கு 1995இல் அனுமதி பெற்ற பழைய முறை என்பதாலேயே சிலர் இதைத் தாழ்வாக எண்ணுகிறார்கள். பழையது என்பதால்தான் இதன் நெடுங்கால நடத்தை நன்றாகத் தெரியும். பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த கண்களிலும் பார்வை அளவு பெரும்பாலும் நிலைத்தே இருந்திருக்கிறது.

அடியில் எஞ்சும் இழையம் லேசிக்கைவிடக் கூடுதல்; விலகுவதற்கு மடல் இல்லை; நரம்பிழைகளும் முந்தித் திரும்புகின்றன. இதற்கு ஈடாக, மேற்தோல் மூடும் மூன்றிலிருந்து ஐந்து நாட்கள் வரை நல்ல வலியும் கூச்சமும் இருக்கும். பார்வை முழுமையாகத் தெளியச் சில வாரங்கள் செல்லும். மேற்தோலுக்கு அடியிலுள்ள போமன் படை நடுவில் நிரந்தரமாக நீங்கிவிடுகிறது. செதுக்கிய இடத்தில் வெண்மூட்டம் படியவும் கூடும். டயொப்டர் கூடக் கூட அதன் வாய்ப்பும் கூடும். மைற்றோமைசின் மருந்தை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்தெடுப்பதால் அது இப்போது குறைந்திருக்கிறது. புறஊதா ஒளி மூட்டத்தைத் தூண்டுவதால், முதற்சில மாதங்களுக்கு வெய்யிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். நம் சித்திரை வெய்யிலையும் கடலில் பட்டுத் தெறிக்கும் ஒளியையும் எண்ணி, மாரி தொடங்கும் ஐப்பசியில் செய்துகொள்ளச் சொல்வது என் வழக்கம்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இடும் ஸ்டீரொயிட் துளிகள் சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நாம் இந்தக் காலத்தில் பரிசோதனையைத் தவறவிடுவது எளிது. புறப்படுமுன்னரே, யாழ்ப்பாணத்தில் யார் தொடர்ந்து பார்ப்பார் என்பதை ஒழுங்கு செய்து, கடிதம் வாங்கி வர வேண்டும்.

ஸ்மைல்

படலத்தின் உள்ளேயே லேசரால் ஒரு வில்லைத் தகட்டை வெட்டி, சில மில்லிமீற்றர் நீளமான சிறு துளை வழியே வெளியே இழுத்தெடுப்பது இந்த முறை. மடல் இல்லை, அறுபடும் நரம்பிழைகளும் குறைவு, ஆகவே வரட்சியும் லேசிக்கைவிடக் குறைவு. பலம் மிகுந்த மேற்பாதி பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அட்டவணையில் காணும் அடிப்படுகை எண்ணை வைத்து மட்டும் இதை லேசிக்கோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் "இதில் பிதுக்கம் வராது" என்று சொல்லப்படுவது தவறு. ஸ்மைல் செய்த கண்களிலும் அது பதிவாகியிருக்கிறது. டயொப்டர் சற்று மீந்துவிட்டால் திரும்பத் திருத்துவது லேசிக்கைப்போல் எளிதன்று. பெரும்பாலும் மேற்பரப்பில் பிஆர்கே செய்ய நேரும். கட்டணமும் கூடுதல்.

கண்ணுள் வைக்கும் லென்ஸ்

விழிவெண்படலத்தைச் செதுக்காமல், கதிராளிக்குப் பின்னே, இயற்கை லென்ஸுக்கு முன்னே ஒரு மெல்லிய லென்ஸை வைப்பது. படலம் மெலிந்தவருக்கும், 8 டயொப்டருக்கு மேற்பட்டவருக்கும் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான். வேண்டுமானால் எடுத்துவிடவும் முடியும்.

விழிவெண்படலம் இங்கும் முற்றாகத் தப்புவதில்லை. அதன் உட்பரப்பில் ஒற்றை அடுக்காக இருக்கும் கலங்கள் நீரை வெளியே இறைத்துப் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன. இளம்வயதில் ஒரு சதுர மில்லிமீற்றரில் 2500இலிருந்து 3000 வரை இருக்கும் இவை, இழந்தால் மீண்டும் பெருகுவதில்லை. மிகக் குறைந்துவிட்டால் படலம் நீரேறிக் கலங்கும். கண்ணுக்குள் லென்ஸ் இருக்கும் காலமெல்லாம் ஆண்டுக்கொரு முறை இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணழுத்தம் ஏறுதல், கண்புரை முந்தித் தோன்றுதல், மிக அரிதாகக் கண்ணுக்குள் தொற்று ஆகியவையும் சாத்தியமே. கண்ணின் முன்னறை ஆழம் போதாதவர்களுக்கு இது பொருந்தாது.

கண்ணாடியும் கொன்ராக்ட் லென்ஸும்

கண்ணாடி விழிவெண்படலத்தில் எதையும் மாற்றுவதில்லை. 3 டயொப்டர் அளவுள்ளவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: வெள்ளெழுத்து வரும் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகம் வாசிக்கலாம். லேசர் செய்தவருக்கு அந்த வயதில் வாசிப்புக் கண்ணாடி வேண்டியிருக்கும். 42 வயதில் லேசர் செய்யப் போகிறவர் மூன்றாண்டில் மறுபடியும் என்னிடம் வருவார் என்பதை அவரிடமே சொல்லிவிடுவேன்.

கொன்ராக்ட் லென்ஸ் கத்தியில்லாத வழி என்பதால் ஆபத்தற்றது என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் கிணற்று நீரால் கண்ணும் கையும் கழுவுகிறோம். அந்த நீரால் லென்ஸைக் கழுவுவதும், லென்ஸோடு கீரிமலைக் கேணியில் குளிப்பதும், இரவில் கழற்றாமல் தூங்குவதும் அகந்தமீபா போன்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். அந்தத் தொற்று விட்டுச்செல்லும் தழும்பு, லேசரின் எந்தப் பின்விளைவையும்விடக் கொடியதாக இருக்கலாம். சுத்தம் பேண முடியாதவருக்கு லேசரே பாதுகாப்பானது என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன்.

இருபது ஆண்டுகள் கழித்து வரும் இரண்டு கணக்குகள்

என் தமையனார் 2004இல் வெளிநாட்டில் லேசிக் செய்தார். அப்போது அவருக்கு 7 டயொப்டர். 16 ஆண்டுகள் கண்ணாடியின்றி மகிழ்ச்சியாக இருந்தார். பிறகு கண்புரை வந்தது. அதை எடுத்து வைக்கும் லென்ஸின் வலுவைக் கணக்கிட, படலத்தின் முன்வளைவை அளந்து பின்வளைவை ஊகிப்பதே வழக்கமான முறை. லேசர் முன்வளைவை மட்டும் மாற்றியிருப்பதால் அந்த ஊகம் பிழைத்து, படலம் உள்ளதைவிட வலுவானதாகத் தெரியும். அவர் லேசர் செய்த நிலையம் மூடப்பட்டுவிட்டது. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சிகிச்சையைப் புதிய வைத்தியரிடம் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. வைத்த லென்ஸ் வலுக் குறைந்ததாகி, தூரமும் தெரியாமல் கிட்டவும் தெரியாமல், 2 டயொப்டர் நீள்பார்வையோடு வீடு வந்தார். இத்தகைய கண்களுக்கெனத் தனிச் சூத்திரங்கள் இப்போது இருக்கின்றன. வைத்தியருக்குத் தெரிந்தால்தான் அவற்றை அவர் பயன்படுத்துவார்.

மற்றது கண்ணழுத்தம். மெலிந்த படலத்தில் அளக்கும்போது உண்மை அழுத்தத்தைவிடச் சில அலகுகள் குறைவாகவே கருவி காட்டும். கண்ணழுத்தத்தால் பார்வை நரம்பு சிதையும் குளுக்கோமா தொடங்கியிருந்தாலும் எண் இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே சிகிச்சைக்கு முந்திய பார்வை அளவு, தடிப்பு, வளைவு, வரைபடம் ஆகியவற்றின் பிரதியை வாங்கி, காணி உறுதியை வைக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.

இலங்கைக் கண்தான சங்கத்தை வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவியதிலிருந்து இந்த நாடு பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை வழங்கி வந்திருக்கிறது. கண்தானத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அறிய வேண்டியது: லேசரால் செதுக்கிய படலத்தை முழுத்தடிப்பாக மாற்றிப் பொருத்தப் பொதுவாக எடுப்பதில்லை, அதன் உட்கல அடுக்கு இன்னும் பயன்படலாம். இதுவும் தானம் செய்பவர் அறிந்தே எடுக்க வேண்டிய முடிவு என்று கருதுகிறேன்.

எவருக்கு எது

21 வயது கடந்து, ஓராண்டாகவேனும் அளவு மாறாமல், படலம் 520க்கு மேல் தடித்து, வரைபடம் ஒழுங்காக, கண்ணீர் நிறைவாக, 6 டயொப்டருக்குள் இருப்பவர் லேசிக், ஸ்மைல், பிஆர்கே மூன்றில் எதையும் துணிந்து எடுக்கலாம். அலுவலகத் தொழிலென்றால் லேசிக்கின் விரைவு பெரிய வசதி. அடிபடும் தொழிலும் விளையாட்டும் உள்ளவருக்கு மடலில்லாத இரண்டில் ஒன்று. மெலிந்த படலமும் குறைந்த டயொப்டரும் என்றால் பிஆர்கே. மெலிந்த படலமும் உயர்ந்த டயொப்டரும் என்றால் உள்லென்ஸ். வரைபடத்தில் ஐயமிருந்தால் எந்த லேசரும் வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், அளவு மாறக்கூடுமாதலால், காத்திருக்க வேண்டும். வரைபடம் எடுக்குமுன் மென்மையான கொன்ராக்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரங்களும், கடினமானதை அதைவிடக் கூடுதலாகவும் நிறுத்தாவிட்டால், படலத்தின் உண்மை வடிவம் தெரியாது.

ஆவணியில் வந்த அந்தப் பிள்ளை கொழும்பில் பரிசோதனை முடித்துக் கடதாசிகளோடு மீண்டும் வந்தாள். தடிப்பு 512. கணக்குப் போட்டால் லேசிக்குக்குப் பின் அடியில் 325 எஞ்சும். சதவீதமும் 40ஐ எட்டவில்லை. தடிப்பு 520க்குச் சற்றே குறைவு என்றாலும் மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், இடக்கண் வரைபடத்தின் கீழ்ப்பாதி மேற்பாதியைவிடச் செங்குத்தாக இருந்ததைக் காட்டி, ஓராண்டு கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்போம் என்று அங்குள்ள வைத்தியர் திருப்பி அனுப்பியிருந்தார். கட்டணம் வாங்கக்கூடிய இடத்தில் வேண்டாம் என்று சொன்ன அந்த வைத்தியரை நான் மனதுக்குள் கும்பிட்டேன். தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகள் கண்ணைக் கசக்கும் பழக்கத்தை அன்றுதான் ஒப்புக்கொண்டாள். அதற்கு ஒவ்வாமைத் துளி எழுதித் தரும்படி யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வரைபடம் இந்த ஆவணியில்.